கூரையோரத்து ஒளி: எல்.இ.டி. பட்டை விளக்கைப் பொருத்தலும் மாற்றலும்

விளக்கு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல், கூரையின் ஓரத்திலிருந்து ஒளி மட்டும் பரவி அறையை நிறைக்கும் அமைப்பு, தமிழ்நாட்டு நகரங்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளிலும் அடுக்ககங்களிலும் இன்று பெருவழக்காகிவிட்டது. கான்கிரீட் கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகையாலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாலோ அமைக்கப்படும் இரண்டாம் கூரையை ‘ஃபால்ஸ் சீலிங்’ என்றும், அதன் விளிம்பில் விளக்கை மறைத்து வைப்பதற்காக விடப்படும் பள்ளத்தைக் ‘கோவ்’ என்றும், அப்பள்ளத்துக்குள் நாடாவைப் போல ஒட்டப்படும் விளக்கை ‘ஸ்ட்ரிப் லைட்’ என்றும் தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். இக்கட்டுரை அதனைப் பட்டை விளக்கு என்று குறிப்பிடுகிறது. பொருத்திய நாளில் எல்லாப் பட்டை விளக்கும் அழகாகவே எரியும். அது எவ்வளவு அறிவோடு பொருத்தப்பட்டது என்பது, சில ஆண்டுகள் கழித்து அதன் ஒரு பகுதி அணையும்போதுதான் வெளிப்படும். கை எட்டாத இடத்தில், விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற பெட்டியை வைத்துக் கூரையை மூடிவிட்ட வீட்டில், சிறிய பழுது ஒன்றுக்காகப் பலகையை அறுத்து, மீண்டும் பட்டி பார்த்து, வண்ணம் பூச வேண்டியிருக்கிறது. ஆகவே பொருத்தலையும் மாற்றலையும் இரண்டு வேலைகளாகப் பிரிக்காமல், முதல் நாளிலேயே ஒன்றாக எண்ணித் திட்டமிடுவது இன்றியமையாதது.

பட்டைக்குள் இருப்பது

எல்.இ.டி. என்பது ஒளி உமிழும் டையோடு, அதாவது மின்னோட்டம் ஒரே திசையில் பாயும்போது ஒளியைத் தரும் குறைகடத்திச் சில்லு ஆகும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் டையோடை அமெரிக்க அறிவியலாளர் நிக் ஹோலன்யாக் 1962ஆம் ஆண்டு உருவாக்கிக் காட்டினார் என்றாலும், வீட்டுக்குத் தேவையான வெள்ளை ஒளி பிறப்பதற்கு நீல டையோடு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறன்மிக்க நீல டையோடைச் சாத்தியமாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளேயும் நீலச் சில்லுதான் இருக்கிறது. அதன்மேல் பூசப்பட்ட மஞ்சள் நிற ஒளிரிப்பொருள் நீல ஒளியின் ஒரு பகுதியை உள்வாங்கி மஞ்சளாக வெளியிட, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. இந்தியாவில் 2015 ஜனவரி 5 அன்று தொடங்கப்பட்ட உஜாலா திட்டம் எல்.இ.டி. குண்டு விளக்குகளைக் குறைந்த விலையில் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. குண்டு விளக்கால் பழகிய அதே நுட்பம் இப்போது நாடா வடிவில் கூரையேறியிருக்கிறது.

பட்டை என்பது வளையும் தன்மையுள்ள மெல்லிய மின்சுற்றுப் பலகையே. அதன் முகத்தில் டையோடுகளும், அவற்றுக்கிடையே சிறு மின்தடைகளும், முதுகில் இருபுறமும் ஒட்டும் நாடாவும் இருக்கும். கடைகளில் 2835, 5050 என்று கேட்கப்படும் எண்கள் டையோடின் அளவைத்தான் குறிக்கின்றன: முன்னது 2.8 மில்லிமீட்டர் அகலமும் 3.5 மில்லிமீட்டர் நீளமும் உடையது, பின்னது இருபுறமும் 5 மில்லிமீட்டர் உடையது. வெள்ளை டையோடு ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவைப்படுவதால், 12 வோல்ட் பட்டையில் மூன்று டையோடுகளை வரிசையாகக் கோத்து, எஞ்சிய 3 வோல்ட்டை ஒரு மின்தடையில் செலவிடுகிறார்கள். மீட்டருக்கு 60 டையோடு உள்ள பட்டையை 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை மட்டுமே வெட்ட வேண்டும் என்ற விதியும், ஒரு டையோடு பழுதானால் அதன் இருபுறமும் எரிவது எரிய, சரியாக மூன்று மட்டும் அணைந்து நிற்கும் காட்சியும் இந்த மூன்றின் கூட்டணியிலிருந்தே வருகின்றன. வெட்டும் இடத்தில் செம்புப் புள்ளிகளும், பெரும்பாலும் கத்தரிக்கோல் குறியும் அச்சிடப்பட்டிருக்கும். அதை விட்டு அரை விரற்கடை தள்ளி வெட்டினாலும் அந்தக் குழு முழுவதும் எரியாது.

கண்ணுக்குத் தெரியாத டிரைவர்

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். பட்டைக்கு வேண்டியதோ 12 அல்லது 24 வோல்ட் நேர்திசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் பெட்டியே டிரைவர் எனப்படுகிறது. பட்டையைவிட இதுவே பெரும்பாலும் முதலில் ஓய்ந்துபோகிறது. அதற்குள் இருக்கும் மின்பகுபொருள் மின்தேக்கி வெப்பத்தால் உள்ளுக்குள் உலர்ந்துபோகக்கூடியது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. மேல்தளத்து வீடுகளில் சித்திரை, வைகாசி வெயில் கான்கிரீட்டைக் காய்ச்ச, அதற்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையே அடைபட்ட காற்று சூடேறி நிற்கும்போது, அங்கே காற்றோட்டமின்றிக் கிடக்கும் டிரைவரின் நிலையை இக்கணக்கைக் கொண்டே உணரலாம்.

டிரைவரே இல்லாமல் 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் பட்டைகளும் விற்கப்படுகின்றன. அவை விலை குறைந்தவை, நீண்ட தூரத்துக்கு ஒளி குன்றாதவை. ஆயினும் பெரும்பாலும் அரை மீட்டருக்கோ ஒரு மீட்டருக்கோ ஒருமுறைதான் அவற்றை வெட்ட முடியும். மேலும் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று இல்லாதவை நொடிக்கு 100 முறை மினுங்கும். கண் அதை நேரடியாகக் காணாவிட்டாலும், கைப்பேசிக் கேமராவில் பட்டைபட்டையாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வெட்டு முனையில் கை பட்டால் முழு மின்னழுத்தமும் உடலில் பாயும். கூரையில் தூசி துடைக்க ஏணியில் ஏறுபவர் வீட்டுக்காரராகவோ வேலைக்கு வந்த பெண்ணாகவோ இருக்கக்கூடும் என்பதால், குடியிருக்கும் அறைகளுக்குக் குறைந்த மின்னழுத்தப் பட்டையே தகுந்தது.

ஓர் அறையின் கணக்கு

பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி அளவுள்ள படுக்கையறையில், சுவரிலிருந்து ஒவ்வோர் அடி உள்ளே தள்ளி நான்கு பக்கமும் கோவ் ஓடுவதாகக் கொண்டால், அதன் சுற்றளவு 36 அடி, அதாவது ஏறத்தாழ 11 மீட்டர். மீட்டருக்கு 120 டையோடும் 9.6 வாட்டும் உள்ள பட்டையைத் தேர்ந்தெடுத்தால் மொத்தம் ஏறத்தாழ 106 வாட் தேவைப்படும். டிரைவரை அதன் முழுத்திறனில் ஓட விடாமல் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விடுவது நல்ல வழக்கம் என்பதால், 106-ஐ 0.8-ஆல் வகுத்தால் 132.5 கிடைக்கிறது. கடையில் அதற்கு அடுத்துள்ள 150 வாட் டிரைவரை வாங்குவது பொருந்தும்.

அடுத்து 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்ற கேள்வி எழுகிறது. அதே 106 வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 8.8 ஆம்பியரும், 24 வோல்ட்டில் 4.4 ஆம்பியரும் பாயும். பட்டையில் உள்ள செம்புத் தடம் மிக மெல்லியது; மின்னோட்டம் அதன் வழியே போகப் போக மின்னழுத்தம் சிறிது சிறிதாக இழக்கப்பட்டு, தொடக்கத்தில் பளிச்சென்று இருக்கும் ஒளி கடைசியில் மங்கிவிடுகிறது. மின்னோட்டம் பாதியானால் அதே தடத்தில் ஏற்படும் ஆற்றல் இழப்பு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், பெரிய அறைக்கு 24 வோல்ட்டே ஏற்றது. அப்போதும் 11 மீட்டரை ஒரே சங்கிலியாக ஓட்டாமல், டிரைவர் இருக்கும் மூலையிலிருந்து இரு திசைகளிலும் ஐந்தரை மீட்டர் வீதம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வயர் கொடுத்தால் நான்கு சுவர்களிலும் ஒளி ஒன்றுபோல் விழும். 12 வோல்ட் பட்டையாக இருந்தால், 5 மீட்டர் சுருள் ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்புத் தர வேண்டும்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிக்கிறார்கள்; உலோகத்தைக் காய்ச்சும்போது முதலில் செம்மஞ்சளாகவும், மேலும் காய்ச்சக் காய்ச்ச வெண்ணீலமாகவும் மாறுவதைப் போன்ற வரிசை அது. 2700 முதல் 3000 கெல்வின் வரை ‘வார்ம் ஒயிட்’ எனப்படும் மஞ்சள் சாய்ந்த ஒளி, 4000 ‘நேச்சுரல் ஒயிட்’, 6500 ‘கூல் டே லைட்’ எனப்படும் நீலஞ்சாய்ந்த வெள்ளை. ஓய்வுக்குரிய அறைக்கு முதல் வகையும், படிக்கும் இடத்துக்கு இரண்டாம் வகையும் பொதுவாகப் பொருந்துகின்றன. இதனோடு, பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை அளக்கும் சி.ஆர்.ஐ. எண்ணையும் பார்க்க வேண்டும். 100-க்கு 80-க்குக் குறைந்தால் பட்டுச் சேலையின் அரக்கும் பழுப்பும் ஒன்றுபோல் தோன்றத் தொடங்கும். புடவை தேர்ந்தெடுக்கும் அலமாரிப் பக்கத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் 90 இருப்பது நலம். டிரைவரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் அச்சிடப்பட்டுள்ளதா என்றும் கவனிக்க வேண்டும். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் உள்ளிட்டு, அது மெய்யானதா என்று எவரும் சரிபார்க்கலாம்.

பொருத்தும் முறை

ஒட்டும் நாடா நன்றாக இருந்தாலும், ஜிப்சம் தூள் படிந்த பரப்பில் அது நிற்காது. கோவின் உட்புறத்தைத் துடைத்து, பிரைமர் பூசி, காய்ந்த பிறகே பட்டையை ஒட்ட வேண்டும். அதைவிடச் சிறந்தது, ‘ப்ரொஃபைல்’ எனப்படும் அலுமினியத் தடத்தைத் திருகால் பொருத்தி, அதற்குள் பட்டையை ஒட்டுவது. அலுமினியம் டையோடின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றுவதால் ஆயுள் நீள்கிறது. பின்னாளில் பழைய பட்டையை உரித்துப் புதியதை ஒட்டும்போது கூரையின் பூச்சும் பெயர்ந்து வராது. அதன்மேல் போடப்படும் பால் நிற மூடி ஒளியைப் பரப்பிவிடுவதால், பளபளப்பான தரை ஓடுகளில் டையோடுகள் புள்ளிப் புள்ளியாகத் தெரிவதும் நீங்கும். கோவுக்கும் மேற்கூரைக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் ஒளி விரிந்து பரவும். அதற்குக் குறைந்தால் சுவரோரம் ஒரு வெளிச்சக் கோடு மட்டும் விழும். பட்டையை மாற்றுவதற்குக் கையும் உள்ளே நுழையாது.

பட்டையை அதன் முகத்தின் போக்கில் வளைக்கலாமேயன்றி, பக்கவாட்டில் மடக்கக் கூடாது. மடக்கினால் செம்புத் தடம் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டு, சில மாதங்களில் அந்த மூலை மினுங்கத் தொடங்கும். ஆகவே மூலைகளில் பட்டையை வெட்டி, சிறு வயரால் இணைப்பதே முறை. இணைப்புக்குக் கிளிப்புகள் கிடைத்தாலும், ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பே நீடிக்கும். குறிப்பாகக் கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் கிளிப்பின் பற்கள் பச்சை பூத்து, தொடுதல் விட்டுப்போகின்றன. டையோடு ஒரு திசையில்தான் எரியும் என்பதால் பிளஸும் மைனஸும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒட்டுவதற்கு முன்பே ஒருமுறை எரித்துச் சோதிக்க வேண்டும். சுருளாக இருக்கும் நிலையில் நெடுநேரம் எரித்தால் வெப்பம் வெளியேற வழியின்றிப் பட்டை கருகும் என்பதால், அச்சோதனை சில நொடிகளுக்கு மேல் போகலாகாது.

டிரைவரை எங்கே வைப்பது என்பதே இப்பணியின் மிக முக்கியமான முடிவு. அலமாரியின் மேல்தட்டு, பரணின் ஓரம், அல்லது ஃபால்ஸ் சீலிங்கில் திறந்து மூடக்கூடிய ஒரு சதுரக் கதவுக்கு நேர்மேல் என, ஏணியில் ஏறிக் கை நீட்டினால் எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும். துளைகளுள்ள உலோகக் கூட்டைக் கொண்ட டிரைவருக்குள் பல்லியும் கரப்பானும் நுழைந்து குறுக்குச்சுற்றை ஏற்படுத்தக்கூடும் என்பதால், அடைத்த கூடுள்ளதே கூரைக்கு நல்லது. உலோகக் கூட்டுக்குக் கட்டாயம் எர்த் இணைப்புத் தர வேண்டும். ஒளியைக் கூட்டிக் குறைக்க விரும்புவோர் விசிறி ரெகுலேட்டரைப் பயன்படுத்தக் கூடாது; அதற்கென்று உள்ள டிம்மரையும், அதற்கு ஒத்துப்போகும் டிரைவரையும் ஒருசேர வாங்க வேண்டும்.

பழுதைப் படிப்பது

பட்டை விளக்கு கெடும்போது, தன் நோயைத் தானே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. ஒரு குழு டையோடுகள் மட்டும் அணைந்திருந்தால் பழுது அந்தக் குழுவில்; ஒரு புள்ளிக்குப் பிறகு முழுவதும் இருண்டிருந்தால் அந்த இடத்து இணைப்பில்; எல்லாம் ஒரேயடியாக அணைந்திருந்தாலோ விட்டுவிட்டு எரிந்தாலோ பெரும்பாலும் டிரைவரில். கடைசி முனை மட்டும் மங்கலாக இருந்தால் அது பழுதன்று, தொடக்கத்திலேயே தனி இணைப்புத் தராததன் விளைவு. ஸ்விட்சை அணைத்த பின்னும் விளக்கு மங்கலாக மினுங்கினால், ஃபேஸ் வயருக்குப் பதிலாக நியூட்ரல் வயரில் ஸ்விட்ச் வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஸ்விட்சில் உள்ள சிறு அடையாள விளக்கின் வழியே மின்சாரம் கசியலாம். முதலாவது காரணம் ஆபத்தானது. அணைத்துவிட்டோம் என்று நம்பித் தொடும் டிரைவரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும்.

மாற்றும் வேலைக்கு முன் மின்சாரத்தை நிறுத்துவதில் தமிழ்நாட்டு வீடுகளுக்குரிய ஓர் எச்சரிக்கை உண்டு. மின்வெட்டுக்காக இன்வெர்ட்டர் வைத்துள்ள வீடுகளில் விளக்கு வரிசை இன்வெர்ட்டரோடு இணைக்கப்பட்டிருப்பதால், ஈ.பி. மெயினை இறக்கிய மறுகணமே பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட் அந்த வயரில் வந்துவிடும். மெயினையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, டிரைவரின் மின்தேக்கிகளில் தேங்கிய மின்னூட்டம் இறங்கச் சில நிமிடங்கள் விட்ட பின்னரே கை வைக்க வேண்டும். உடலில் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சாதனம், 30 மில்லியாம்பியர் அளவில், வீட்டில் இருப்பதும் அவசியம். 230 வோல்ட் பக்கத்து வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட வேண்டும்.

டிரைவரைச் சோதிக்க, பட்டையைக் கழற்றிவிட்டு அதன் வெளியீட்டு முனைகளை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பாதுகாப்புக்குத் துண்டித்த மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துச் செய்யும் சோதனை என்பதால், இதுவும் மின்பணியாளருக்கு உரியது. 12 அல்லது 24 வோல்ட் நிலையாகக் காட்டினால் டிரைவர் பெரும்பாலும் நலமாக உள்ளது. எண் ஏறி இறங்கினாலோ ஒன்றுமே காட்டாவிட்டாலோ அதை மாற்றலாம். புதிய டிரைவரின் வோல்ட் பழையதோடு அச்சு மாறாமல் ஒத்திருக்க வேண்டும். வாட் சற்றுக் கூடினால் தீங்கில்லை, குறையக் கூடாது. 12 வோல்ட் பட்டையில் 24 வோல்ட்டைச் செலுத்தினால் அது கருகிவிடும். 24 வோல்ட் பட்டைக்கு 12 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ எரியாமலே இருக்கும்.

பட்டையின் ஒரு குழு மட்டும் கெட்டிருந்தால், இருபுறமும் வெட்டுக்குறியில் வெட்டி, அதே வகைத் துண்டொன்றைப் பற்றவைத்து ஒட்டுப்போடலாம். ஆனால் பட்டை பல ஆண்டு எரிந்ததாக இருந்தால் ஒட்டு தனியாகத் தெரியும். எல்.இ.டி. சட்டென அணைவதைவிட மெல்ல மங்குவதே அதிகம். அதனால்தான் அதன் ஆயுளை, ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறையும் மணிக்கணக்காகக் குறிக்கிறார்கள். ஒளிரிப்பொருளும் காலப்போக்கில் நிறம் மாறுவதால், பழைய ஒளிக்கு நடுவே புதிய துண்டு வெண்திட்டாக நிற்கும். அந்நிலையில் அறையின் முழுச் சுற்றையும் ஒரே தொகுதிப் பட்டையால் மாற்றுவதே கண்ணுக்கு நிறைவளிக்கும். கழற்றியவை மின்னணுக் கழிவு என்பதால் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. பழைய கோவ்களில் இன்னும் இருக்கும் மெலிந்த டியூப் லைட்டுகளில் பாதரசமும் உண்டு, அவற்றை உடையாமல் தனியாக ஒப்படைக்க வேண்டும்.

சிக்கனமும் நினைவும்

எல்.இ.டி. என்றாலே மின்சாரம் மிச்சம் என்ற பொதுவான நம்பிக்கையை இவ்விடத்தில் சற்று அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மேலே கண்ட படுக்கையறையின் 106 வாட் பட்டை, டிரைவரின் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 120 வாட் எடுக்கும். நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 18 யூனிட், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 36 யூனிட். அதே நேரம் எரியும் 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் மாதத்துக்கு 3 யூனிட்தான் எடுக்கும். கோவின் ஒளி கூரையில் பட்டுத் திரும்பி வருவதால், அதன் கணிசமான பகுதி வழியிலேயே இழக்கப்படுவதையும் சேர்த்து எண்ண வேண்டும். மீட்டருக்கு 4.8 வாட் பட்டையைத் தேர்ந்தெடுப்பதும், கோவுக்குத் தனி ஸ்விட்ச் வைத்து வேண்டும்போது மட்டும் எரிப்பதும், படிக்கவும் சமைக்கவும் நேரடி விளக்கை வைத்துக்கொள்வதும் அழகையும் சிக்கனத்தையும் ஒருங்கே காக்கும் வழிகள்.

எல்லா வேலையும் முடிந்து ஏணியை மடக்கும் முன், செலவில்லாத ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. பட்டையின் வோல்ட், மீட்டருக்கான வாட், கெல்வின், டிரைவரின் வாட், வயர்கள் எந்த மூலையில் பிரிகின்றன என்ற குறிப்பு, பொருத்திய நாள் ஆகியவற்றை ஒரு சிறு தாளில் எழுதி, கூரைக்கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டும். மீந்த பட்டையில் ஒரு முழத்தையும் சுருட்டி அங்கேயே வைக்கலாம். சில ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கதவைத் திறக்கப்போகும் மின்பணியாளர் பெரும்பாலும் வேறொருவராகத்தான் இருப்பார். அவருக்கு அந்தத் தாள் கிடைத்தால், அரை நாள் தேடலும் ஒரு கூரை உடைப்பும் இல்லாமல், ஒரு மணி நேரத்தில் அறை மீண்டும் ஒளி பெறும்.